கர்ப்பகால இரத்த அழுத்தம்: பரிசோதனை வரிசையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகள் பரிசோதனைப் பிரிவிலும் பிரசவ வார்டிலும் செவிலியராக இருந்த காலத்தில், ஒரே ஐயத்தை ஒரே நாளில் பத்துப் பேர் கேட்பதுண்டு. கை இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். அங்கே நின்று நிதானமாகச் சொல்ல முடியாமல் போனவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

1. கர்ப்பமா இருக்கும்போது பிரஷர் எவ்வளவுக்கு மேல போனா அதிகம்?

மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம். இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும். ஒருமுறை பார்த்து முடிவு செய்யாமல், குறைந்தது 4 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தே உறுதி செய்வார்கள். ஆனால் 160/110 என்ற அளவை எட்டிவிட்டால் அந்த 4 மணி நேரக் காத்திருப்புக்கு இடமில்லை. சில நிமிடங்களில் மீண்டும் பார்த்துவிட்டு உடனே மருந்து தொடங்க வேண்டிய அவசர நிலை அது.

எப்போது ஏறியது என்பதும் முக்கியம். 20 வாரத்துக்கு முன்பே அதிகமாக இருந்தால் அது பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உள்ள இரத்த அழுத்தம். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக ஏறி, கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, சிறுநீரகம், கல்லீரல், மூளை, இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றில் பாதிப்பு தெரிந்தாலோ அதைத்தான் ‘ப்ரீஎக்லாம்ப்சியா’ என்கிறார்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். மூன்றாம் மாதத்துக்குள் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: முதல் அளவு அட்டையில் இல்லையென்றால், ஏழாம் மாதத்தில் 144 இருப்பது புதியதா பழையதா என்று சொல்ல முடியாது.

2. வீட்டுப் பக்கத்து கிளினிக்ல 150, இங்க 130. எதை நம்பறது?

அளந்த முறையைப் பொறுத்தது. பேருந்திலிருந்து இறங்கி மாடிப்படி ஏறி வந்தவுடன் பார்த்தால் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் இருக்கும்போது எடுத்த அளவே நம்பத்தக்கது. பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மேலே இருக்கும் கையில் அளந்தால், இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். இந்த இரண்டாவது தவறுதான் எனக்குக் கவலை தருவது. ஏனென்றால் அது எல்லோரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும்.

3. எனக்குத் தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் எப்படி பிரஷர் இருக்கும்?

இருக்கும். இந்த நோயின் குணமே அதுதான். 150/100 உள்ள பெண் சமைத்துவிட்டு, துணி துவைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே பரிசோதனைக்கு வருவார். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளவே முடியாது. தலைவலியும் கண் மங்கலும் வரும்போது நோய் பாதி வழியைக் கடந்திருக்கும். உலக அளவில் தாய்மார் இறப்புக்கு இரத்தப்போக்குக்கு அடுத்த பெரிய காரணமாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுவது கர்ப்பகால இரத்த அழுத்தத்தைத்தான். இரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்து ஓடிவருகிறார்கள். இதைக் கருவி மட்டுமே பார்க்கும்.

4. யூரின்ல உப்பு போகுதுன்னு சொன்னாங்க. சாப்பாட்டுல உப்பை நிறுத்திடவா?

இந்தக் குழப்பத்துக்கு நாங்களும் பொறுப்பு. சிறுநீரில் போவது உப்பு அன்று. அல்புமின் என்னும் புரதம். முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பதைப் போன்ற பொருள். எப்படியோ மருத்துவமனைப் பேச்சில் ‘உப்பு’ என்ற சொல் அதற்கு ஒட்டிக்கொண்டது, அதைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் உப்பில்லாத கஞ்சி குடிக்கத் தொடங்கினார்கள்.

முன்பெல்லாம் சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாதியை மட்டும் சூடாக்குவோம். புரதம் இருந்தால் சூடான பகுதி அவித்த முட்டை போல வெண்மையாகத் திரளும். ஆனால் சில உப்புகளும் சூட்டில் கலங்கும் என்பதால், உடனே இரண்டு மூன்று சொட்டு அசெட்டிக் அமிலம் விடுவோம். உப்பாக இருந்தால் கலங்கல் தெளிந்துவிடும். புரதமாக இருந்தால் அப்படியே நிற்கும். அதாவது, உப்பு இல்லை என்று உறுதியான பிறகு எழுதப்படும் முடிவுக்குத்தான் ‘உப்பு’ என்று பெயர். இப்போது பட்டை நனைத்துப் பார்க்கிறார்கள். மஞ்சள் கட்டம் பச்சையாக மாறும் அளவைப் பொறுத்து 1 பிளஸ், 2 பிளஸ் என்று எழுதுவார்கள்.

உப்பை அடியோடு நிறுத்துவதால் இந்த நோய் வராமலும் இருக்காது, வந்தது குறையவும் செய்யாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று அளவுக்கு மீறாமல் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றைக் குறைக்கவே கூடாது.

5. கால் வீங்கறது எல்லாருக்கும் வர்றதுதானே? பார்லித் தண்ணி குடிச்சா வடியாதா?

சாயங்காலம் கணுக்கால் வீங்கி, இரவு படுத்து எழுந்தால் வடிவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வருவதே. அதனால்தான் கால் வீக்கத்தை மட்டும் வைத்து இந்த நோயை முடிவு செய்வதை மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள். காலையில் எழும்போதே முகம் உப்பியிருப்பது, மோதிரம் கழற்ற முடியாமல் போவது, ஒரே வாரத்தில் எடை மளமளவென ஏறுவது ஆகியவை வேறு. அன்றைக்கே அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் குடிப்பதில் தவறில்லை. ஆனால் அவை வீக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டால், அந்த நம்பிக்கைதான் கேடு. வீக்கமே இல்லாமலும் இந்த நோய் முற்றும்.

6. மாமியார் வீட்டு டென்ஷன்தான் காரணம்னு எங்க அம்மா சொல்றாங்க. உண்மையா?

உங்கள் அம்மாவின் வருத்தம் நியாயமாக இருக்கலாம். காரணம் அது அன்று. நோயின் வேர், நஞ்சு என்று நாம் சொல்லும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில், நஞ்சு பதிந்திருக்கும் இடத்தில் உள்ள தாயின் மெல்லிய இரத்தக் குழாய்கள் அகன்று, குழந்தைக்கு வேண்டிய இரத்தத்தைத் தாராளமாக விட வேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு அகல்வதில்லை. இரத்தம் குறைந்து தவிக்கும் நஞ்சு சில பொருள்களைத் தாயின் இரத்தத்தில் கலக்க விடுகிறது. அவை உடம்பெங்கும் உள்ள குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. குழாய் இறுகுவதால் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி ஒழுகுவதால் புரதம் போகிறது.

முதல் கர்ப்பம், முந்தைய பிரசவத்தில் இதே நோய், இரட்டைக் குழந்தை, சர்க்கரை நோய், முன்பே உள்ள இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், லூபஸ் என்னும் நோய் எதிர்ப்பாற்றல் கோளாறு, அதிக உடல் எடை, 40 வயதைத் தொடும் கர்ப்பம், முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் 10 ஆண்டுக்கு மேல் இடைவெளி, தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இந்த நோய் வந்திருப்பது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். இவை ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் வரும்.

7. மூணாவது மாசத்துலயே ஆஸ்பிரின் எழுதியிருக்காங்க. அது இதய நோய் மாத்திரையாச்சே, கரு கலைஞ்சிடாதா?

கலையாது. இந்த நோயைத் தடுப்பதற்காகக் கொடுப்பது 75 முதல் 150 மில்லிகிராம் வரையிலான சிறிய அளவு. மேலே சொன்னபடி குழாய்கள் அகலும் வேலை முதல் பாதியிலேயே நடந்து முடிவதால், 12 வாரத்திலிருந்து 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். எட்டாம் மாதத்தில் அழுத்தம் ஏறிய பிறகு தொடங்கிப் பயனில்லை. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே என்னும் ஆய்வில், வாய்ப்பு அதிகமுள்ள பெண்கள் இரவில் 150 மில்லிகிராம் சாப்பிட்டதில், 37 வாரத்துக்கு முன்பே வரும் கடுமையான வகை 62 சதவீதம் குறைந்தது. 36 வாரமளவில் நிறுத்தச் சொல்வார்கள். எல்லோருக்கும் இது தேவையில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர் சாப்பிடுகிறார் என்று நீங்களும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் தரும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இதில் உதவுகிறது. அதை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒன்றைச் சாப்பாட்டு நேரத்திலும் மற்றொன்றைச் சில மணி நேரம் தள்ளியும் போடுங்கள்.

8. வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க போய்க் காட்டிக்கலாம்ல?

காட்டலாம், ஆனால் இந்த இடத்தில்தான் பல பேரின் கணக்கு அறுந்துபோகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு. இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்குவதும் ஏழாம் மாதத்துக்குப் பிறகுதான். அதே வாரத்தில் ஊர் மாறி, ஆரம்ப சுகாதார நிலையம் மாறி, செவிலியர் மாறி விடுகிறார்கள். புகுந்த வீட்டுச் செவிலியர், பெண் தாய்வீடு போய்விட்டாள் என்று எழுதிக்கொள்வார். தாய்வீட்டுச் செவிலியருக்கு இவர் வந்திருப்பதே தெரியாது. விருந்தும் உறவுமாக மூன்று நான்கு வாரம் கழிந்துவிடும்.

பெட்டி கட்டும்போதே தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள நிலையத்தில் அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே 130-ஐத் தாண்டியவர்கள் வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது.

9. எது வந்தா ராத்திரியானாலும் கிளம்பணும்?

மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, மின்னுவது, பார்வை மங்குவது, நெஞ்சுக்குழியிலோ வலப்பக்க விலா எலும்புக்குக் கீழேயோ வலி, மூச்சுத் திணறல், சிறுநீர் மிகக் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது, இரத்தம் படுவது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

நெஞ்சுக்குழி வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் கொடுத்து, வாந்தி எடுத்ததும் பித்தம் என்று முடிவு கட்டி, மறுநாள் அழைத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லீரல் வீங்கி, இரத்த அணுக்கள் உடைந்து, தட்டணுக்கள் குறையும் ‘ஹெல்ப்’ என்னும் நிலையின் முதல் அறிகுறி அந்த வலியாக இருக்கலாம். சில வேளைகளில் அழுத்தம் பெரிதாக ஏறாமலே இது வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

10. பிரஷர் மாத்திரை வயித்துல இருக்கற குழந்தையைப் பாதிக்காதா?

லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகிய மூன்றும் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுபவை. பாதிப்பது வேறு வகை: கர்ப்பத்துக்கு முன்பே அழுத்தத்துக்காக டெல்மிசார்டன், லோசார்டன், எனாலப்ரில் போன்றவற்றைச் சாப்பிடுபவர்கள், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அவை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பனிக்குட நீரை வற்றச் செய்யும். மாற்று மருந்து இல்லாமல் தாமாக நிறுத்துவதும் தவறு.

இந்த மாத்திரைகள் அழுத்தத்தை மட்டுமே அடக்குகின்றன. நஞ்சில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும். ஆகவே அளவு 130-க்கு வந்துவிட்டது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.

11. இன்னும் தேதி இருக்கு, அதுக்குள்ள குழந்தையை எடுக்கணும்ங்கறாங்க. காசுக்காகத்தானே?

அரசு மருத்துவமனையிலும் இதையேதான் சொல்கிறோம், அங்கே காசு வாங்குவதில்லை. நோயின் வேர் நஞ்சில் இருப்பதால், நஞ்சு வெளியே வந்தால்தான் நோய் இறங்கும். கடுமையான அறிகுறி இல்லாதவர்களுக்கு 37 வாரம் வரை பொறுத்திருந்து பிரசவம் பார்ப்பார்கள். கடுமையாக இருந்தால் 34 வாரத்தில். மருந்துக்கு அழுத்தம் அடங்கவில்லை, வலிப்பு வந்துவிட்டது, குழந்தைக்கு இரத்த ஓட்டம் மோசமாகிவிட்டது என்றால் அதற்கும் முன்பே எடுக்க வேண்டியிருக்கும்.

முன்கூட்டி எடுப்பது என்றால் ஆபரேஷன் என்று பொருள் அன்று. வலி வரவழைத்துச் சுகப் பிரசவமே பார்க்க முடிந்தவர்கள் பலர். 34 வாரத்துக்கு முன்னால் என்றால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு தவணை போடுவார்கள். “இரண்டு நாள் அட்மிஷன் போட்டு ஊசி மட்டும் போட்டார்கள்” என்று சிலர் குறைபட்டுக்கொள்வது இதைத்தான். அந்த இரண்டு நாள் குழந்தையின் மூச்சுக்காக வாங்கிய நாள்.

12. ஏழாம் மாசம் பிறந்தா பிழைக்கும், எட்டாம் மாசம்னா பிழைக்காதுன்னு பாட்டி சொல்றாங்களே?

படித்த குடும்பங்களிலும் கேட்கும் நம்பிக்கை இது. நேர்மாறானதே உண்மை: வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வாய்ப்பைக் கூட்டும். எட்டாம் மாதக் குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையைவிட நுரையீரலும் குடலும் முதிர்ந்திருக்கும். இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு, எட்டாம் மாதம் என்பதற்காகவே பிரசவத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்த குடும்பத்தினரை நான் பார்த்திருக்கிறேன்.

நஞ்சு வழியாக இரத்தம் குறைந்ததால் இந்தத் தாய்மாரின் குழந்தைகள் மாதத்துக்கேற்ற எடை இல்லாமல் பிறக்கலாம். அதைக் கண்டுபிடிக்கவே டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறார்கள். பிறந்தபின் மூச்சுத் திணறல், உடல் குளிர்தல், சர்க்கரை தாழ்தல், மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்காகப் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைப்பார்கள். ‘பெட்டியில் வைத்திருக்கிறார்கள்’ என்றதும் கலங்க வேண்டாம். குழந்தை நிலைபெற்றதும் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைக்கும் கங்காரு முறைக்கு வருவார்கள். தாய் தேறும்வரை தந்தையோ பாட்டியோ கட்டிக்கொள்ளலாம். முதலில் சங்கடப்பட்டு நிற்கும் அப்பாக்கள், மறுநாள் குழந்தையைத் திருப்பித் தர மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

13. ஜன்னி வந்துட்டா வீட்டுல என்ன செய்யறது? ஆஸ்பத்திரியில போடற ஊசி ஏன் அப்படி எரியுது?

ஜன்னி என்பது இந்த நோய் முற்றும்போது வரும் வலிப்பு. வந்தவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. அது தானாக ஓரிரு நிமிடத்தில் நிற்கும், சாவிக்குப் பேர் கிடைக்கும். கை கால்களை அழுத்திப் பிடிக்காமல், அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணி என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். 24 மணி நேரமும் ஆபரேஷன் வசதி உள்ள சீமாங்க் மையத்துக்குக் கொண்டுபோவார்கள். பூசாரியிடம் காட்டிவிட்டு வர நேரமில்லை.

எரிகிற ஊசி மெக்னீசியம் சல்பேட். நரம்பில் ஏற்றும்போது உடம்பெல்லாம் அனல் அடிக்கும். இரண்டு இடுப்பிலும் 5 கிராம் வீதம் போடும்போது வலிக்கத்தான் செய்யும். அதன்பின் செவிலியர் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீர்ப் பையை அளப்பதும் மருந்து அளவை மீறாமல் இருப்பதற்காக. ஒரு காலத்தில் வலிப்புக்கு மயக்க மருந்துகளைக் கலந்து கொடுத்தார்கள். சென்னையில் மகப்பேறு மருத்துவராக இருந்த எம்.கே. கிருஷ்ண மேனன் 1961-இல் எழுதிய அத்தகைய முறை உலகெங்கும் பேசப்பட்டது. பிறகு 1995-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் டயஸிபாம், ஃபெனிடாயின் இரண்டையும்விட மெக்னீசியமே மேல் என்று காட்டியது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, முதல் வலிப்பு வரும் வாய்ப்பையே இது பாதிக்கு மேல் குறைப்பதாக 2002-இல் கூறியது. விலை மலிவான மருந்து என்பது இன்னொரு நல்ல செய்தி.

14. குழந்தைதான் பிறந்திடுச்சே, இனி பிரஷர் போயிடும்ல? மாத்திரையோட பால் கொடுக்கலாமா?

நஞ்சு வெளியேறினால் நோய் இறங்கும் என்று 11-ஆம் கேள்வியில் சொன்னேன்; அன்றைக்கே இறங்கும் என்று சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் அழுத்தம் மறுபடியும் உச்சத்துக்குப் போகும். சுகப் பிரசவமானவர்கள் வீட்டுக்குக் கிளம்புவதும் அந்த நாள்களில்தான். வீட்டில் எல்லோருடைய கண்ணும் குழந்தைமேல் இருக்கும். தாயின் தலைவலிக்குத் தூக்கமின்மை காரணமாகிவிடும். ஆறு வாரம் வரை, அதிலும் முதல் வாரத்தில், வலிப்பு வர வாய்ப்பு உண்டு. கர்ப்பத்தில் அழுத்தமே இல்லாதிருந்த பெண்ணுக்கும் வரலாம். 9-ஆம் கேள்வியின் பட்டியலில் குழந்தை அசைவு நீங்கலாக மற்றதெல்லாம் இந்த ஆறு வாரத்துக்கும் பொருந்தும்.

லேபெட்டலால், நிஃபெடிபின், எனாலப்ரில் மூன்றையும் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். கர்ப்பத்தில் ஆகாத எனாலப்ரில் இப்போது ஆகும் என்பது பலரைத் திகைக்க வைக்கும். தாய்ப்பாலில் அது கலப்பது மிகச் சொற்பம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரை நிறுத்தி வைக்காதீர்கள்.

15. அடுத்த பிள்ளைக்கும் வருமா?

ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு வருகிறது. முதல் முறை 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்கும்படி ஆனவர்களில் மூன்று பேரில் ஒருவர் வரை. வந்தாலும் பெரும்பாலும் முதல் முறையைவிடத் தாமதமாக, லேசாக வரும். அடுத்த கர்ப்பம் உறுதியானவுடன் பழைய அட்டையோடு போங்கள். ஆஸ்பிரின் தொடங்க வேண்டிய வாரம் சீக்கிரம் கடந்துவிடும்.

16. அதெல்லாம் பத்து வருஷம் முன்னாடி நடந்தது. இப்ப அதைப் பத்தி என்ன?

பிரசவமாகி 12 வாரத்துக்குள் அழுத்தம் இயல்புக்கு வந்துவிட்டாலும், இந்த நோய் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிரந்தர இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு அதனினும் கூடுதல். ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

நாற்பது வயதில் நெஞ்சு படபடப்பு என்று மருத்துவமனைக்குப் போனால், சர்க்கரை இருக்கிறதா, கொழுப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். தலைச்சன் பிரசவம் எப்படி இருந்தது என்று பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “எனக்கு முதல் குழந்தைக்குப் பிரஷர் இருந்தது, எட்டாம் மாதத்தில் எடுத்தார்கள்.” மருத்துவர் எழுதிக்கொள்வார்.